பாக்கின் சி மைனர் சிசிலியானோ: எவ்வளவு மெதுவாக?

வயலினுக்கும் ஹார்ப்சிகார்டுக்குமாக (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய சொனாட்டாக்கள், அதாவது பல பகுதிகள் கொண்ட வாத்தியப் படைப்புகள், ஆறு. நான்காவது சி மைனரில் (சி ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட மைனர் ஸ்வர வரிசை) இருக்கிறது, பட்டியல் எண் பி.டபிள்யூ.வி. 1017. அதன் முதல் பகுதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு முழுக்க. சுமார் நான்கு நிமிடம் ஓடும் ஒரு மெதுவான சிசிலியானோ, அதாவது அசைந்தாடிப் போகிற ஒரு பழைய ஆட்ட நடை. பெயர் தெரியாமலே பலர் இதைக் கேட்டிருப்பார்கள், ஒரு தடவை காதில் விழுந்தால் போகாது. எனக்கு இதன் மேல் இருக்கிற பிரியம் அளவுக்கே ஒரு ஆதங்கமும் இருக்கிறது: நிறையப் பேர் இதை ரொம்ப இழுத்து வாசிக்கிறார்கள். சோகமான இசை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகத் தடவிக்கொடுத்து, கடைசியில் நடக்க வேண்டியதை உட்கார வைத்துவிடுகிறார்கள்.

தொடக்கத்தை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம். வயலின் ஜி ஸ்வரத்தில் ஆரம்பித்து ஒரே தாவலில் மேலே இ ஃபிளாட்டுக்கு (இ-க்கு அரை ஸ்வரம் கீழே இருப்பது) போகிறது. அந்தத் தாவல்தான் முழுப் பகுதிக்கும் விதை. அந்த ஜி மூன்றாம் தந்தியில், விரல் வைத்து வாசிக்கிற ஸ்வரம். ஆனால் வயலினின் நான்காம் தந்தி அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, அதுவும் ஜி. அதனால் வில் அந்தத் தந்தியைத் தொடாமலே அது தானாகக் கூட அதிர்கிறது, ஸ்வரத்துக்கு அடியில் ஒரு கார்வை கிடைக்கிறது. அடுத்த கணம் இ ஃபிளாட். அதற்குத் துணை நிற்கத் திறந்த தந்தி எதுவும் கிடையாது. சத்தம் கம்மியாவதில்லை, ஆனால் அதைச் சுற்றி இருந்த வெளிச்சம் போய்விடுகிறது. திறந்த குரலில் ஆரம்பித்து மூடின குரலுக்குத் தாவுகிற மாதிரி. பாக் இதைக் கணக்குப் போட்டு எழுதினாரா என்று கேட்டால், வயலினைக் கையில் வைத்து வாழ்ந்த மனிதர் அவர், அப்பா யோஹான் அம்புரோசியஸும் வயலின்காரர், இதையெல்லாம் கணக்குப் போட வேண்டிய அவசியமே அவருக்கு இருந்திருக்காது.

இதைப் புரிந்துகொள்ள இதன் உடன்பிறப்பு ஒன்றை அருகில் வைத்துக் கேட்க வேண்டும். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் மத்தேயு பாஷனில் (1727) 'எர்பார்மெ திஷ்' என்று ஒரு பாட்டு வரும், பேதுரு தன் குரு இயேசுவைத் தெரியாது என்று மறுத்துவிட்டு அழுகிற இடம். அங்கேயும் வயலின்தான் ஆரம்பிக்கிறது, அதே சிசிலியானோ நடை, அதே அளவுள்ள தாவல். ஆனால் ஸ்ருதி (எந்த ஸ்வரத்தை ஆதாரமாக வைக்கிறோம் என்பது) பி மைனர், தாவல் எஃப் ஷார்ப்பிலிருந்து (எஃப்-க்கு அரை ஸ்வரம் மேலே) டி-க்கு. பி மைனரில் வயலினின் நான்கு திறந்த தந்திகளுக்கும் (ஜி, டி, ஏ, இ) இடம் உண்டு. தாவிப் போய் நிற்கிற அந்த டி-க்குக் கீழே மூன்றாம் தந்தி கூட அதிர்கிறது. சி மைனரில் ஏ-யும் இ-யும் ஃபிளாட் ஆகிவிடுவதால் மேல் இரண்டு தந்திகளுக்கும் அந்த ராசி அமைவதில்லை. எனவே ஒரே வடிவம், ஒரே தாவல், ஆனால் அந்தப் பாட்டில் அழுகை வெளியே தெரிகிறது, இங்கே உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. சி மைனரின் குணம் என்று புத்தகங்களில் எழுதுவதில் ஒரு நல்ல பங்கு இப்படி மரத்திலும் தந்தியிலும் இருந்து வருவதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஸ்ருதிக்கு ஒரு குணம் உண்டு என்பதே நம் காதுக்குக் கொஞ்சம் அந்நியமான விஷயம். கர்நாடக சங்கீதத்தில் ஆதார ஷட்ஜம் பாடுகிறவர் வசதிப்படி நகரும், அரைக் கட்டை ஏறினாலும் இறங்கினாலும் ராகம் அதே ராகம்தான், பாவம் ராகத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் சி மைனருக்கு ஒரு முகம், எஃப் மைனருக்கு வேறு முகம் என்று நிஜமாகவே நம்பினார்கள், அதற்கு நியாயமும் இருந்தது. காரணம் ஸ்வரத்தின் வெறும் உயரத்தில் இல்லை. இன்று பழைய வாத்தியங்களில் வாசிப்பவர்கள் ஏ ஸ்வரத்தை 415 ஹெர்ட்ஸில் வைக்கிறார்கள், மற்றவர்கள் 440-ல். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட அரை ஸ்வரம். அதாவது 415-ல் வாசிக்கிற சி மைனர், உயரத்தில் இன்றைய பி மைனராகத்தான் காதில் விழும். ஆனாலும் அது சி மைனராகவே ஒலிக்கிறது, ஏனென்றால் விரல் அங்கேதான் இருக்கிறது, தந்தி அப்படித்தான் பதில் சொல்கிறது.

ஹார்ப்சிகார்டில் கதை வேறு. அங்கே திறந்த தந்தி, மூடிய தந்தி என்ற பேச்சு இல்லை, ஆனால் சுருதி கூட்டுகிற விதத்தில் வித்தியாசம் இருந்தது. இன்றைய பியானோவில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமத் துண்டுகளாக வெட்டுகிறோம், ஒவ்வொன்றும் 100 சென்ட். அப்போது பெரும்பாலும் சமமாக வெட்டுவதில்லை. ஆந்திரியாஸ் வெர்க்மைஸ்டர் 1691-ல் வெளியிட்ட அமைப்புகளில் பெயர் பெற்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: சி-யிலிருந்து இ-க்கு 390 சென்ட், இயற்கையான 386-க்குப் பக்கத்தில், காதுக்கு இதம். ஏ ஃபிளாட்டிலிருந்து சி-க்கு 408, அகலம், ஒரு உரசல் இருக்கும். சி மைனரின் அடிப்படை இடைவெளியான சி–இ ஃபிளாட் 294 சென்ட்தான், ஏ மைனரின் ஏ–சி 312. பதினெட்டு சென்ட் என்பது சின்ன எண், ஆனால் நீளமாக நிற்கிற ஒரு கூட்டு ஸ்வரத்தில் அது தெளிவாகத் தெரியும். பாக் எந்த அமைப்பில் சுருதி கூட்டினார் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை, அதற்குள் நான் போகவில்லை. எல்லா ஸ்ருதிகளும் ஒரே நிறத்தில் இருக்கவில்லை என்பதுதான் இங்கே வேண்டியது.

சரி, அப்படியானால் சி மைனரின் நிறம் என்ன? பிரான்ஸில் இசையமைப்பாளர் ஷார்பான்டியே 1690 வாக்கில் போட்ட ஒரு பட்டியலில் அதை இருண்டது, சோகமானது என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். ஹாம்பர்க்கின் இசை எழுத்தாளர் மத்தேசன் 1713-ல் எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்தமானது. சி மைனர் மிக இனிமையானது, அதே சமயம் சோகமானது என்கிறார். அதோடு நிறுத்தவில்லை: இனிமை அதில் தூக்கலாக இருப்பதால் சீக்கிரம் திகட்டிவிடும், அதனால் கொஞ்சம் உயிர்ப்பான அல்லது சீரான ஓட்டம் கொடுத்து வாசிப்பது நல்லது, இல்லாவிட்டால் அதன் மென்மையில் கேட்பவருக்குத் தூக்கம் வந்துவிடும் என்கிறார். ஸ்ருதியைப் பற்றிப் பேச வந்தவர் வேகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறார் பாருங்கள். அவருக்கு அவை இரண்டும் தனித்தனி விஷயங்களாக இல்லை. சி மைனர் என்றால் சோகம், சோகம் என்றால் மெதுவாக, என்று நாம் போடுகிற கோடு அந்தக் காலத்துக் கோடு இல்லை. அவர் சொல்வது நேர் எதிர், சி மைனர் என்பதாலேயே கொஞ்சம் நகர்த்து.

இனி வேகத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதிக்குத் தலைப்பில் சிசிலியானோ என்றும் லார்கோ என்றும் இரண்டு சொற்கள் உண்டு, சிக்கலே அங்கேதான். சிசிலியானோ ஆறு எண்ணிக்கைத் தாளத்தில், மூன்று மூன்றாக அசைந்து போகிற நடை: முதல் ஸ்வரம் நீளம், அதன் வாலில் ஒரு குட்டி ஸ்வரம், அப்புறம் நடுத்தரமாக ஒன்று. ஆட்டத்தின் அசைவு அதற்குள் இருக்கிறது, எங்கேயும் நின்றுவிடக் கூடாது. லார்கோவை இன்று எல்லோரும் 'ரொம்ப மெதுவாக' என்று படிக்கிறார்கள். ஆங்கில இசையமைப்பாளர் பர்செல் 1683-ல் லண்டனில் தன் சொனாட்டாக்களுக்கு எழுதிய முன்னுரையில் லார்கோ என்றால் நடுத்தர வேகம் என்று விளக்குகிறார், அடாஜியோ என்ற இன்னொரு வேகச் சொல்தான் அவருக்கு மிக மெதுவானது. இருபது வருடம் கழித்து பாரிஸில் ப்ரோஸார் தன் இசை அகராதியில் லார்கோவை மிக மெதுவானது என்கிறார், அடாஜியோவை நிதானமாக, அவசரப்படாமல் என்கிற மாதிரி. ஊருக்கு ஊர் வழக்கு. வேகத்தை எண்ணால் காட்டும் கருவியான மெட்ரோனோமுக்கு மெல்ட்ஸெல் காப்புரிமை வாங்கியது 1815-ல், பாக் இறந்து 65 வருடம் கழித்து. அதுவரை எண் போடுகிற வழக்கம் பெரிதாகக் கிடையாது, பெரும்பாலும் தாளத்தின் அளவு, ஸ்வரங்களின் அடர்த்தி, ஆட்டத்தின் பெயர், தலைப்புச் சொல், இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் வேகத்தை முடிவு செய்தார்கள்.

எண்ணுக்கு மிக அருகில் வருகிறவர்களில் ஒருத்தர், குவான்ட்ஸ். பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்குக்குப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்தவர். 1752-ல் பெர்லினில் வெளியான தன் பாடநூலில் நாடித் துடிப்பை அளவுகோலாக வைக்கிறார், நிமிடத்துக்குச் சுமார் 80. யாருடைய நாடி என்பதையும் சொல்லிவிடுகிறார்: மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக்கும் நடுவே, உற்சாகமும் துடிப்பும் உள்ள ஒரு மனிதருடைய நாடி. சிசிலியானோவுக்கு அவர் தனியாகவே வழி சொல்கிறார். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு நாடி என்று வைத்தால் ரொம்ப மெதுவாகிவிடும், மூன்று எண்ணிக்கைக்கு இரண்டு நாடி என்று வைத்துக்கொள் என்கிறார். கணக்குப் போட்டால் எண்ணிக்கை நிமிடத்துக்கு 120, ஆறு எண்ணிக்கைச் சுற்று ஒன்று மூன்றே வினாடி. அதோடு, இதை மிக எளிமையாக வாசி, ட்ரில் (இரண்டு ஸ்வரங்களை மாற்றி மாற்றி வேகமாக அசைக்கும் அலங்காரம்) அநேகமாக வேண்டாம், ரொம்ப மெதுவாகப் போகாதே என்றும் சொல்கிறார்.

குவான்ட்ஸ் பேசுவது பன்னிரண்டு எண்ணிக்கை சிசிலியானோவை, அதுவும் பாக்கின் சொனாட்டாவுக்குச் சுமார் முப்பது வருடம் பிந்தி, வேறு ரசனை வந்துவிட்ட காலத்தில். பாக் மேலே லார்கோ என்றும் போட்டிருக்கிற ஒரு பகுதியை நான் 120-ல் வாசிக்கச் சொல்ல மாட்டேன், அந்த வேகத்தில் வாசித்தால் இ ஃபிளாட்டில் நடக்கிற அந்த மாற்றம் காதில் பதியாமலே போய்விடும். என் காதுக்கு 90 பக்கத்தில் சரியாக வருகிறது, சுற்று ஒன்றுக்கு நான்கு வினாடி. 60-க்கு இறங்கினால் ஆறு வினாடி, அங்கே ஆட்டம் செத்துவிடுகிறது. ஆனால் எண்ணைவிட முக்கியம், மனதுக்குள் எதை எண்ணுகிறோம் என்பது. ஆறாக எண்ணுகிறவர் 90-ல் வாசித்தாலும் தடுக்கித் தடுக்கித்தான் போவார். இரண்டாக எண்ணுகிறவர், மூன்று மூன்றாகச் சேர்த்து ஒரே மூச்சாக எடுக்கிறவர், அதைவிடக் கொஞ்சம் மெதுவாகவே வாசித்தாலும் நடை கெடாது.

வேகத்தை நிஜத்தில் தீர்மானிப்பது வயலின் இல்லை, ஹார்ப்சிகார்டின் வலது கை. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஹார்ப்சிகார்டில் ஒரு கட்டையை அழுத்தினால் இறகுக் காம்பு ஒன்று தந்தியைச் சுண்டுகிறது, சத்தம் பிறக்கும்போதே அதன் உச்சத்தில் பிறக்கிறது, அப்புறம் தேய்வு மட்டும்தான். விரலை எவ்வளவு அழுத்தினாலும் அது நீளாது, பெருகாது. வயலின் நீண்ட ஸ்வரத்தை வில்லால் ஊதிப் பெருக்கி மெல்ல விட முடியும், இதற்கு அந்த வசதி இல்லை. அதனால் பாக் வலது கைக்கு எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரம் வீதம் ஓயாத ஒரு ஓட்டம் எழுதியிருக்கிறார், கூட்டு ஸ்வரங்களைப் பிரித்துப் பிரித்து உருட்டிக்கொண்டே போகும். ஒன்று தேய்வதற்குள் அடுத்தது வந்து பிடித்துக்கொள்கிறது, அதில்தான் அந்த ஓட்டம் ஒட்டி நிற்கிறது. வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நடுவே இடைவெளி விழும், ஓட்டமாக இருந்தது புள்ளிகளாகப் பிரிந்துவிடும், வயலின் எவ்வளவு உருகினாலும் கீழே தாங்க ஆள் இருக்காது. நவீன பியானோவில் வாசிக்கும்போது பெடல் இந்தக் குறையை மறைத்துவிடுகிறது. மிக மெதுவான பதிவுகளில் பலவும் பியானோவோடு வருவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு வழியையும் பாக் திறந்து வைத்திருக்கிறார். இந்த ஆறு சொனாட்டாக்களின் பழைய பிரதி ஒன்றின் தலைப்பில், விருப்பமிருந்தால் அடிக்குரலை வயோலா த காம்பாவும் சேர்ந்து வாசிக்கலாம் என்று இருக்கிறது. காம்பா வில் போட்டு வாசிக்கிற வாத்தியம், அடியில் நின்று கார்வை கொடுக்கும். அது இருந்தால் வேகத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம், கீழே தரை இருக்கிறது. கேட்கக் கிடைத்தால் காம்பா சேர்ந்த பதிவு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், அதே பகுதி எவ்வளவு அகலமாகிறது என்று தெரியும்.

வேகம் இறங்கினால் வருகிற இன்னொரு தொல்லை, அலங்காரம். இடைவெளி அதிகமானால் கை சும்மா இருக்காது. வயலின்காரரும் இசையமைப்பாளருமான கோரெல்லியின் ஐந்தாம் தொகுப்பு மாதிரி இத்தாலிய அடாஜியோக்களில் தாளில் எலும்புக்கூடு மட்டும்தான் இருக்கும், வாசிப்பவர்தான் சதை போட வேண்டும். 1710-ல் ஆம்ஸ்டர்டாமில் பதிப்பாளர் எஸ்தியன் ரோஜர் அந்தத் தொகுப்பை அலங்காரங்களோடு அச்சிட்டதே, அவை கோரெல்லியே வாசித்த விதம் என்று சொல்லித்தான். பாக் அந்த ஜாதி இல்லை, வேண்டியதை அவரே எழுதிவிடுவார். வாசிப்பவருக்கு இடமே விடுவதில்லை என்று 1737-ல் ஷைபெ என்ற விமர்சகர் அவரைக் குறை சொன்னதும் அதற்காகத்தான். இந்த சிசிலியானோவில் ஒரு வயலின்காரருக்கு நிறைய அலங்காரம் தேவைப்படுகிறது என்றால், அவர் எடுத்திருக்கிற வேகம் தப்பு என்பதற்கு அதுவே அடையாளம். விப்ராட்டோவும், அதாவது விரலால் ஸ்வரத்தை நடுக்குவதும், அப்படித்தான். பிரபல மோட்சார்ட்டின் அப்பா லியோபோல்ட் மோட்சார்ட் 1756-ல், எல்லா ஸ்வரத்தையும் நடுக்கி வாசிப்பவர்களைப் பார்த்து, ஓயாத காய்ச்சல் வந்தவர்கள் மாதிரி நடுங்குகிறார்கள் என்று எழுதினார். அந்த இ ஃபிளாட்டை நடுக்காமல், வில்லை மட்டும் நம்பி எடுத்தால்தான் அது மூடின ஸ்வரம் என்பது புரியும். நடுக்கினால் எல்லா ஸ்வரமும் ஒரே மாதிரி மினுங்கும்.

இனி சோகம். இந்தப் பகுதிக்கு எழுதப்படுகிற குறிப்புகளில் அடிக்கடி வருவது பாக்கின் மனைவி மரியா பார்பராவின் கதை. 1720 ஜூலையில் பாக் தன் எஜமான் இளவரசர் லியோபோல்டோடு கார்ல்ஸ்பாட் போயிருந்தபோது, அவர் வேலை பார்த்த ஊரான கோத்தெனில் மனைவி இறந்துவிட்டார். திரும்பி வந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. படிக்கும்போதே நெஞ்சைப் பிசையும் செய்தி. ஆனால் இந்தச் சொனாட்டாக்கள் பாக் கோத்தெனில் இருந்த 1717–1723 காலத்தைச் சேர்ந்தவை என்று பொதுவாகச் சொல்கிறார்களே தவிர, இந்தப் பகுதி எந்த மாதம் எழுதப்பட்டது என்பதற்குச் சான்று இல்லை, அவர் கையால் எழுதிய முழுப் பிரதியும் இன்று இல்லை. அந்த மரணத்தை இந்த இசைக்குள் கொண்டுபோய் வைத்தால், வாசிப்பவருக்கு இழுக்க ஒரு அனுமதிச் சீட்டு கிடைத்துவிடுகிறது, எனக்கு அதில்தான் வருத்தம். அந்தக் காலத்தில் ஒரு பகுதிக்கு ஒரு பாவம் என்று எடுத்துக்கொண்டு, அதைத் தாவல், நடை, ஸ்ருதி, அடிக்குரல் எல்லாவற்றாலும் கட்டி எழுப்புவார்கள். அது கேட்பவருக்குள் எழ வேண்டிய பாவம், எழுதியவரின் நாட்குறிப்பாக இருக்க வேண்டியதில்லை. மரியா பார்பராவின் கதை தெரியாதவருக்கும் இது தொண்டையில் அடைக்கிறது.

பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் 1774-ல், பின்னாளில் பாக்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஃபோர்க்கெலுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொனாட்டாக்களைச் சொல்கிறார். அப்பாவின் மிகச் சிறந்த படைப்புகளில் இவையும் சேர்த்தி, ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் இன்னும் நன்றாக ஒலிக்கின்றன, இவற்றில் உள்ள சில அடாஜியோக்களை இன்றும் இதைவிடப் பாடுகிற மாதிரி எழுத முடியாது என்பது அதன் சாரம். மெதுவான பகுதிகளைப் பற்றி மகன் தேர்ந்தெடுத்துச் சொன்ன குணம் பாடுவது. பாடுகிறவருக்கு மூச்சு உண்டு, ஒரு வரியை ஒரு மூச்சில் கொண்டுபோய்ச் சேர்க்க முடிகிற வேகம்தான் பாடுகிற வேகம். வயலினில் சந்தேகம் வந்தால் அந்த முதல் வரியை வாயால் பாடிப் பார்ப்பது நல்லது, நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் வேகத்தை ஏற்ற வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் எனக்குத் தீரவில்லை, அது இதே சொனாட்டாவின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. அதுவும் மெதுவானது, அடாஜியோ, ஆனால் இ ஃபிளாட் மேஜரில் (மைனரைவிட வெளிச்சமான ஸ்வர வரிசை). முதல் பகுதியில் எட்டிப் பிடித்த அந்த இ ஃபிளாட்டே இங்கே வீடாகிவிடுகிறது. வயலின் கீழ்ஸ்தாயிப் பக்கம் தணிந்து வாசிக்கிறது, ஒரு வரியைச் சொல்லிவிட்டு அதையே மெல்லிய குரலில் எதிரொலிக்கிறது. ஹார்ப்சிகார்டின் வலது கை மூன்று மூன்றாக உருண்டுகொண்டிருக்க, வயலினுக்கு எழுதியிருப்பது நீளம்-குட்டி என்ற நடை. அந்தக் குட்டி ஸ்வரம் ஹார்ப்சிகார்டின் மூன்றாவது ஸ்வரத்தோடு சேர்ந்து விழ வேண்டுமா, அதற்குப் பிறகு தனியாக விழ வேண்டுமா? சேர்த்து வாசித்தால் எல்லாம் ஒரே தாலாட்டாக மென்மையாகிவிடுகிறது, பிரித்து வாசித்தால் வயலினுக்கு ஒரு தனி நிமிர்வு வருகிறது. இரண்டுக்கும் ஆதரவாகப் பழைய நூல்களில் இடம் உண்டு. வேகம் எவ்வளவு மெதுவோ அவ்வளவுக்கு இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும், வேகமாகப் போனால் கேள்வியே எழாது. நான் இப்போதைக்குப் பிரித்து வாசிக்கிற பக்கம். சேர்த்து வாசிக்கிறவர்கள் யாராவது படித்தால், ஏன் என்று சொல்லுங்கள், நிஜமாகவே கேட்க ஆசை.